எஸ்டிமேட்டில் விட்டுப்போன பெயர்கள்

2021 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். அன்றைக்குப் பிரதமர் டெல்லியிலிருந்தபடியே காணொளி வழியாகப் புனே நகரத்துக்கு ஒரு கௌரவம் செய்தார். கிட்டத்தட்ட முழு எத்தனாலான இ-100 எரிபொருளை விற்றுப் பார்க்கும் சோதனைக்கு இந்த ஊரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதே நிகழ்ச்சியில் ஒரு நிபுணர் குழு அறிக்கையும் வெளியானது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதற்கான திட்ட அறிக்கை. 2030-க்குள் என்றிருந்த இலக்கை 2025-க்கு இழுத்து வந்திருப்பதாகப் பிரதமர் சொன்னதும் அந்த மேடையில்தான். கைதட்டினோம். கரும்பு விவசாயிக்குக் காசு, நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிச்சம், காற்றுக்கும் நல்லது என்றார்கள். யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அந்த அறிக்கையை அன்றைக்கு நம்மில் யாரும் படிக்கவில்லை. சர்வீஸ் சென்டரின் கண்ணாடி அறையில், இலவசக் காப்பி ஆறிக்கொண்டிருக்க, எஸ்டிமேட்டுக்காகக் காத்திருக்கும்போது படிக்கத் தோதான அறிக்கை அது. ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காகச் செய்து, பத்து சதவீதக் கலப்புக்கு டியூன் செய்த கார்களில் 20 சதவீதத்தை ஊற்றினால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் விழும் என்று இருக்கிறது. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று இருக்கிறது. (புனேயின் வாகோலியில் டேங்கர் தண்ணீருக்குக் காசு கொடுப்பவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.) எத்தனாலில் சக்தி குறைவு, ஆகவே கலந்த பெட்ரோலின் சில்லறை விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் இருக்கிறது.

இலக்கை எடுத்துக்கொண்டார்கள். பரிந்துரை அறிக்கையிலேயே தங்கிவிட்டது. இதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் தந்தது. அறிக்கை வந்த காலத்தில் எத்தனால் பெட்ரோலைவிட மலிவாம். இப்போது அதன் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு 71.32 ரூபாய் ஆகி, சுத்திகரித்த பெட்ரோலையே தாண்டிவிட்டதாம். நல்ல விளக்கம். மலிவாக இருந்தபோது குறைக்கத் தோன்றவில்லை, ஏறிய பிறகு குறைக்க முடியவில்லை. மாதம் 6,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போடும் ஒரு குடும்பத்துக்கு, அறிக்கை சொன்ன கணக்கில் குறைந்தபட்சத்தை எடுத்தாலும், மாதம் 360 ரூபாய் கூடுதலாகப் போகும். வருடத்துக்கு 4,320. இதற்கு வரி என்றும் பெயரில்லை, செஸ் என்றும் பெயரில்லை, ரசீதும் கிடையாது.

இனி, என்னை அந்தக் கண்ணாடி அறைக்குக் கொண்டுபோன பம்புக்கு வருவோம்.

காரின் ஃப்யூயல் பம்ப் என்பது பெரும்பாலும் பின் சீட்டுக்கு அடியில், டேங்குக்குள்ளேயே முங்கிக் கிடக்கும் சின்ன மின்சார மோட்டார். சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி, அதுவே அதற்கு மசகு. முள் சிவப்பைத் தொடும்வரை ஓட்டாதீர்கள் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். பம்ப் போகப்போகிறது என்றால் காலையில் ஸ்டார்ட் ஆக வண்டி அடம்பிடிக்கும், ஏற்றத்தில் இழுவை விட்டுப்போகும், பின் சீட்டுக்கடியில் ஒரு ரீங்காரம் கேட்கும். பிறகு ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணையும். எந்த இடத்தில் என்பதை அது நம்மைக் கேட்டு முடிவு செய்வதில்லை. காத்ரஜ் புதிய சுரங்கத்திலிருந்து நவலே பாலத்துக்கு இறங்கும் சரிவில் 2022 நவம்பரில் ஒரே ஒரு கனரக வண்டி வரிசையாகப் பல வாகனங்களை இடித்துத் தள்ளியது. அந்தச் சரிவில் செத்து நிற்கும் காருக்குள் உட்கார்ந்து பின்கண்ணாடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது வெறும் மைலேஜ் சமாச்சாரம் இல்லை என்று.

டோ செய்து கொண்டுபோய்ச் சேர்த்தால் சர்வீஸ் அட்வைசர் ஒரு டேப்லெட்டோடு வருவார். என்னிடம் வந்தவர் நல்ல பையன். எங்கே வேலை என்பது வேண்டாம், அவர் வயிற்றுப்பாடு. "சார், பம்ப் அசெம்ப்ளி மாத்தணும்," என்றார் இந்தியும் மராத்தியும் கலந்து. எஸ்டிமேட்டில் வரிசையாக வந்தன: அசெம்ப்ளி, லேபர், டேங்க் கிளீனிங், கன்ஸ்யூமபிள்ஸ். கடைசியாகச் சொன்னது ஒரு துணித்துண்டும் கொஞ்சம் ஸ்பிரேயும் என்று நினைக்கிறேன். கீழே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி. சின்னக் கார்களுக்கு அசெம்ப்ளி மட்டும் சில ஆயிரத்தில் ஆரம்பித்துப் பத்தாயிரத்துக்கு மேலும் போகும். ஜெர்மன் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம், அவர்கள் எஸ்டிமேட்டைத் தனியாக அழுதுகொண்டே படிப்பவர்கள். வாகன உதிரிபாகங்களுக்கு 28 சதவீதம் வரை இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. அதைச் சேமிப்புத் திருவிழா என்று கொண்டாடினார்கள். பெட்ரோலில் வரி, பெட்ரோல் நின்றுபோனதற்கும் வரி, நின்றதைச் சரிசெய்யும் கூலிக்கும் வரி. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பதை இதைவிட ஒழுங்காக யாரும் நிர்வாகம் செய்ததில்லை.

கட்கியில் ஒரு தமிழ் மெக்கானிக். அவருடைய தாத்தா காலத்திலேயே வந்து குடியேறிய குடும்பம். எஸ்டிமேட்டைக் காட்டினேன். "அண்ணே, மோட்டார் மட்டும்தான் போயிருக்கும். ஓ-ரிங் ஊறியிருக்கும். மிதவை, டப்பா, ஃபில்டர் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஆனா அவங்க பிரிச்சுத் தரமாட்டாங்க, மொத்தமா அசெம்ப்ளிதான்," என்றார். உதிரிபாகத்துக்குச் சென்னையில் புதுப்பேட்டை எப்படியோ அப்படிப் புனேயில் நானா பேட். அங்கே மோட்டார் தனியாகக் கிடைக்கும். அசலா போலியா என்பது உங்கள் ஜாதகம்.

பிரித்துத் தரமாட்டோம் என்கிற அந்த வழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விற்காமல், தங்கள் டீலரிடமே வந்தாக வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டிப்போடுகிறார்கள் என்று 2011-ல் ஒரு குடிமகன் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். ஆணையம் விசாரித்து 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. டாடா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346.46 கோடி. மாருதிக்கு 471.14 கோடி, மஹிந்திராவுக்கு 292.25 கோடி. உதிரிபாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்யுங்கள் என்று உத்தரவும் போட்டது. அந்த 14 பேரில் அப்போது புனே மாவட்டத்திலேயே ஆலை வைத்திருந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். பிம்ப்ரியில் டாடா, சாக்கனில் மஹிந்திரா, ஃபோக்ஸ்வாகன், மெர்சிடிஸ், ரஞ்சன்காவில் ஃபியட், தளேகாவில் ஜெனரல் மோட்டார்ஸ். கார் பிறக்கிற ஊரில்தான் இருக்கிறோம். பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீட்டில் இருந்தால் பிள்ளைக்குப் பால் பவுடர் மலிவாகக் கிடைக்குமா என்ன?

உத்தரவு மேல்முறையீட்டுக்குப் போனது, தடைக்குப் போனது, அங்கிருந்து இன்னொரு நீதிமன்றத்துக்குப் போனது. 2022-ல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது. உரிமைக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது, ஓ-ரிங்குக்குத்தான் கிடைக்கவில்லை.

இப்போது அமைச்சகத்தின் 2025 ஆகஸ்டு விளக்கத்தை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வாகனங்கள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம், அது அதிகச் செலவில்லாதது, வழக்கமான சர்வீஸிலேயே சுலபமாக முடிந்துவிடும் என்று அதில் இருக்கிறது. இந்த வாக்கியத்தை எழுதிய அதிகாரி கடைசியாக எப்போது தன் சொந்தக் காசில் ஒரு வண்டியை சர்வீஸுக்கு விட்டார்? ரப்பர் மலிவுதான் ஐயா. அந்த ரப்பரைத் தனியாக விற்க ஆளில்லை. உங்கள் கோப்பில் அது ஐம்பது ரூபாய் வளையம். எங்கள் எஸ்டிமேட்டில் அதே வளையம் பத்தாயிரம் ரூபாய் அசெம்ப்ளிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு அமைச்சகம் "மலிவு" என்கிறது, ஒரு தொழில்துறை "மொத்தமாகத்தான்" என்கிறது, இரண்டு பேரும் ஒரு தடவைகூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. நடுவில்தான் நாம் இருக்கிறோமே.

என் பம்பைக் கொன்றது எத்தனால்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் ஆய்வகம் கிடையாது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், அளவு மீறினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கும், பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான் என்பதெல்லாம் பள்ளிக்கூட ரசாயனம். என் வண்டியில் அதுதான் நடந்ததா, புனே மழைக்காலத்தில் பங்கின் தொட்டியில் தண்ணீர் இறங்கியதா, பம்ப் வெறும் வயசாகிப் போனதா என்று சொல்ல ஒருவர் பரிசோதிக்க வேண்டும். பரிசோதிக்கிற இடம் தூரத்தில் இல்லை. 1966-ல் தொடங்கிய இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம், ஏ.ஆர்.ஏ.ஐ., வேதாள் டேக்டி மேலேதான் இருக்கிறது. காலையில் நடக்கப் போகிறவர்கள் ஏ.ஆர்.ஏ.ஐ. டேக்டி என்றே சொல்வார்கள். எத்தனால் கலப்பால் பெரிய கெடுதல் இல்லை என்று சொல்லும்போது அரசு துணைக்கு அழைக்கும் ஆய்வுகளில் அவர்களுடையதும் உண்டு. செத்த பம்பைக் கையில் தூக்கிக்கொண்டு அந்த மலை ஏறிப் பாருங்கள், வாசல் காவலாளி எவ்வளவு மரியாதையாகத் திருப்பி அனுப்புகிறார் என்று தெரியும். ஆய்வகம் உள்ளவர்களிடம் கெட்டுப்போன பம்ப் இல்லை, கெட்டுப்போன பம்ப் உள்ளவர்களிடம் ஆய்வகம் இல்லை. இந்த ஏற்பாட்டின் மேல் நின்றுகொண்டுதான், எத்தனாலால் பழுதான ஒரே ஒரு காரைக் காட்டுங்கள் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி சவால் விட்டார்.

காப்பீட்டுக்கும் பாதகம் இல்லை என்று அரசு உறுதி சொன்னது. உண்மை. இயந்திரக் கோளாறையும் தேய்மானத்தையும் சாதாரண மோட்டார் பாலிசி ஒருநாளும் ஏற்றதில்லை. இல்லாத சோற்றில் யாரும் கை வைக்கவில்லை என்று சத்தியம் செய்து தந்திருக்கிறார்கள். வாரண்டியை மதிப்போம் என்று கார் உற்பத்தியாளர்கள் சொன்னார்கள். அதுவும் உண்மையாகவே இருக்கட்டும். 20 சதவீதத்தைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வர ஆரம்பித்தது 2023 ஏப்ரலிலிருந்து. கவலைப்பட வேண்டியது அதற்கு முந்தைய வண்டிகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாரண்டி முடிந்த நிலையிலோ முடியப்போகிற நிலையிலோ இருக்கிறது. பயமில்லாதவனுக்குத் துப்பாக்கியும், பயப்படுகிறவனுக்கு வாழ்த்தும் கொடுத்திருக்கிறார்கள்.

பம்ப் சரியில்லை என்று ஒப்புக்கொண்டு, இலவசமாக மாற்றித் தருவது நடக்காத காரியமா? நடந்திருக்கிறது. 2020 ஜூலையில் மாருதி 1,34,885 வேகன்-ஆர், பலேனோ கார்களை ஃப்யூயல் பம்ப் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. 2024 மார்ச்சில் இன்னும் 16,041 கார்களை அழைத்தது. 2024 அக்டோபரில் ஹோண்டா 90,468 கார்களை அழைத்தது. அவற்றில் பெரும்பாலானவை 2017, 2018-ல் செய்த வண்டிகள். அழைத்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் ஆறேழு வருடம் கழித்து அழைப்பு வருவதற்குள் எத்தனை பேர் அந்தப் பம்புக்குச் சொந்தக் காசைக் கட்டிவிட்டு, முள் சிவப்பில் ஓட்டினீர்களா சார் என்ற கேள்விக்கும் தலை குனிந்து பதில் சொல்லியிருப்பார்கள்? வாகனங்களைக் கட்டாயமாகத் திரும்ப அழைக்க வைக்கும் அதிகாரம் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவில் அரசிடம் இருக்கிறது. அது கம்பெனி செய்த தவறுக்கு. எரிபொருளையே மாற்றிய கைக்கு அப்படி ஒரு பிரிவை யாரும் எழுதவில்லை.

எத்தனால் இல்லாத பெட்ரோலும் விற்க வேண்டும், பங்கில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று எழுதி ஒட்ட வேண்டும் என்று கேட்டு ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். 2025 செப்டம்பர் 1 அன்று மனு தள்ளுபடி. மனுதாரர் பின்னால் பெரிய லாபி இருக்கிறது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. லாபிதான். பின் சீட்டைத் தூக்கிவிட்டு டேங்குக்குள் எட்டிப் பார்க்கிறவர்களின் லாபி. எதற்கெடுத்தாலும் பிரேசிலைப் பார் என்கிறார்கள். பார்த்தேன். அங்கே பெட்ரோலில் 30 சதவீதம் எத்தனால் உண்டு. அதற்குத் தகுந்த கார்களை வருடக்கணக்கில் செய்து விற்ற பிறகு வந்த முப்பது அது. பக்கத்துக் குழாயில் முழு எத்தனாலும் உண்டு. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் எழுபது சதவீதத்துக்குள் இருந்தால் அதைப் போடுவான், தாண்டினால் பெட்ரோலைப் போடுவான் பிரேசில்காரன். இங்கேயும் விருப்பம் உண்டு, இல்லை என்று சொல்லக் கூடாது. இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோல், எத்தனால் கலக்காதது, 2020 டிசம்பரில் முதல் கட்டமாக அறிமுகமான நகரங்களில் புனேவும் ஒன்று. அறிமுகமானபோது லிட்டர் சுமார் 160 ரூபாய். காரின் கையேட்டில் எழுதியிருப்பதை மதித்து ஓட்ட விரும்புகிறவனுக்கு அரசு நிறுவனம் வைத்த விலை அது. சென்னையிலும் கோவையிலும் படிக்கிறவர்கள் இது புனேக்காரன் புலம்பல் என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம், உங்கள் பங்கிலும் அதே இ-20தான்.

விவசாயிக்கு எதிரி நான் இல்லை. கரும்புக்கு நல்ல விலை கொடுங்கள், அதற்கு நேராகப் பட்ஜெட்டில் பணம் ஒதுக்குங்கள், என் வரியிலிருந்து எடுங்கள், பெருமையாகவே கொடுக்கிறேன். டேங்குக்குள் கை விட்டு எடுக்காதீர்கள். இந்த எத்தனால் எல்லாம் கரும்பிலிருந்து வருகிறது என்றும் நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மழை பொய்த்துச் சர்க்கரை குறையும் என்றதும் கரும்புச் சாற்றுக்கே தடை போட்டார்கள், மக்காச்சோளம் முன்னுக்கு வந்தது. 2025-ல் உணவுக் கழகத்தின் அரிசியைக் கிலோ 22.50 ரூபாய்க்கு எத்தனால் ஆலைகளுக்குக் கொடுத்தார்கள். புனே கடையில் அந்த விலைக்கு அரிசி வாங்கிக் காட்டுங்கள். இந்த எத்தனாலில் ஆதாயம் பார்க்கிறார் என்று தன்மேல் குற்றச்சாட்டு வந்தபோது, என் மூளைக்கு மாதம் 200 கோடி மதிப்பு, எனக்குப் பணத்துக்குக் குறைவில்லை என்றார் கட்கரி. சந்தோஷம். அந்த மதிப்பில் ஒரு நிமிடத்தை ஒதுக்கி, ஓ-ரிங்கைத் தனியாக விற்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை எழுதலாம்.

2025 ஜூன் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் ரத்லாமில் முதல்வர் மோகன் யாதவின் கான்வாய்க்காக வந்த 19 வண்டிகள் ஒரே பங்கில் டீசல் போட்டன. கொஞ்ச தூரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. டீசலில் தண்ணீர். அதிகாரிகள் ராத்திரியோடு ராத்திரியாக வந்தார்கள். டேங்குகளைத் திறந்து பார்த்தார்கள். பங்குக்கு சீல் வைத்தார்கள். இந்தூரிலிருந்து மாற்று வண்டிகள் வந்தன. எரிபொருள்தான் காரணம் என்று நிரூபிக்க யாரும் மலை ஏறவில்லை, ஒரே ஒரு காரைக் காட்டுங்கள் என்று யாரும் சவால் விடவில்லை, முள் சிவப்பில் இருந்ததா என்று டிரைவரையும் கேட்கவில்லை. ஆகவே கோத்ரூட், வாகட், ஹடப்சர்வாசிகளுக்கு என் யோசனை இதுதான்: பம்ப் முனகுகிற சத்தம் கேட்டதும் சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீர்கள், எப்படியாவது ஒரு முதலமைச்சரைப் பின் சீட்டில் உட்காரவைத்து நவலே சரிவில் இறங்குங்கள்.